பெரிய வெள்ளிக்குப் பிறகு என்ன?



தவக்காலத்தின் இறுதிக்கு வந்துவிட்டோம். இன்னும் சில நாள்களில் குருத்து ஞாயிறு. எங்கள் மலைப் பங்குகளில் இப்போது ஒவ்வொரு பங்கு இல்லத்திலும் மாலை நேரத்தில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பங்குத்தந்தை, உபதேசியார், அருள்சகோதரிகள், பாடற்குழுவினர், அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். குருத்தோலைக்கு மேட்டுப்பாளையத்தில் யாரிடம் சொல்லி வைப்பது? பெரிய வியாழன் அன்று யார் யாருக்குப் பாதம் கழுவுவது? வெள்ளிக்கிழமை வழிபாடு மூன்று மணிக்கா, ஐந்தரைக்கா? கடைசியாக ஒருவர் கேட்பார்: "இந்த வருஷம் பிரசங்கம் யார் சாமி?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். புனித வாரத்தில் என்ன பிரசங்கிப்பது, எப்படிச் செபிப்பது என்று திட்டமிடுவது குருக்களின் வேலை மட்டுமல்ல. கேட்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் குருமடப் பேராசிரியர் அல்ல, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் இருந்தேன். குருமடத்தில் படித்த இறையியல் மனத்தில் சூடாக இருந்த காலம். பெரிய வெள்ளிக்காக இரண்டு வாரம் தயாரித்தேன். சிலுவையில் ஆண்டவர் மொழிந்த ஏழு திருவசனங்கள். ஒவ்வோர் ஆணியையும், ஒவ்வொரு கசையடியையும் விவரித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். ஆலயத்தில் இடமில்லை, வெளியிலும் கூட்டம். பலர் அழுதார்கள். நல்ல பிரசங்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் இரவு பாஸ்கா திருவிழிப்பு. பாதி பெஞ்சுகள் காலி. எனக்கும் களைப்பு. எட்டு நிமிடத்தில் மறையுரையை முடித்துவிட்டேன்.

அடுத்த வாரம், லைன் வீடுகளைச் சந்திக்கப் போனபோது, ஒரு வயதான அம்மா கட்டங்காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நல்லா சொன்னீங்க சாமி. ஆனா எங்களுக்குப் பெரிய வெள்ளி தெரியும். அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அதுக்கப்புறம் என்னன்னுதான் தெரியலை. அதை நீங்க சொல்லவே இல்லையே?"

நேயர்களே, எனக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா சிறு வயதில் இலங்கை மலையகத் தோட்டத்தில் வளர்ந்தவர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. எந்தக் கரையில் வாழ்வது என்று அந்த மக்களைக் கேட்டவர் யார்? இராமேசுவரத்தில் கப்பல் இறங்கி, இரயில் ஏறி, இந்தக் குளிரில் வந்து சேர்ந்தவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. தாயகம் திரும்பியோருக்கு வாழ்வு தரவே 1968 முதல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. டான்டீ என்று இன்று நாம் அழைக்கும் நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். பிறந்த மண்ணை இழந்தவர், கணவரைப் புதைத்தவர், முதுகிலே கூடையோடு மூப்படைந்தவர். அவருக்குச் சிலுவை புதிதல்ல. அவர் கேட்டது நற்செய்தியை. நான் கொடுத்தது அவருடைய பழைய காயத்தை.

அன்று முதல் புனித வாரத்தைத் திட்டமிடும்போது சனிக்கிழமை இரவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறேன். அந்த இரவில் என்ன அறிவிக்கப்போகிறேன் என்பது தெளிவானால்தான், வெள்ளிக்கிழமை என்ன சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்பது தெரிகிறது.

திருச்சபையும் இந்தப் பாடத்தைக் கற்க நீண்ட காலம் ஆனது. நம் தாத்தா பாட்டி காலத்தில் பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே நடந்தது. இருளை வெல்லும் ஒளியைப் பற்றிப் பகல் வெளிச்சத்தில் பாடினார்கள்! பெரும்பாலான மக்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆலயத்தில் குருவும் சில முதியவர்களும் மட்டுமே இருப்பார்கள். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1951-இல் இந்தத் திருவிழிப்பை இரவில் கொண்டாட அனுமதித்தார். 1955 நவம்பரில் புனித வார வழிபாடுகள் முழுவதையும் புதுப்பித்து ஆணை வெளியிட்டார். வியாழன் திருப்பலி மாலைக்கு வந்தது, வெள்ளி வழிபாடு பிற்பகலுக்கு வந்தது. உழைக்கும் மக்கள் வர முடிய வேண்டும் என்பது அந்த மாற்றத்தின் முக்கியமான காரணங்களில் ஒன்று.

இங்கே நம் மறைமாவட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உதகை மறைமாவட்டம் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது 1955 ஜூலை 3-இல். அதன் முதல் ஆயர், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி படியறா ஆண்டகை. புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது 1956 மார்ச் 25, குருத்து ஞாயிறு அன்று. அப்படியென்றால், நம் மறைமாவட்டம் கொண்டாடிய முதல் புனித வாரமே புதுப்பிக்கப்பட்ட முதல் புனித வாரம்! உழைப்பவரின் நேரத்தை மதிக்கும் வழிபாட்டோடு பிறந்த மறைமாவட்டம் நம்முடையது. அதை நாம் மறக்கலாமா?

இன்னும் பின்னே போனால், நான்காம் நூற்றாண்டில் எகேரியா என்ற ஒரு பெண்மணி எருசலேமுக்குத் திருப்பயணம் போனார். கி.பி. 381-க்கும் 384-க்கும் இடையில் தாம் கண்ட புனித வாரத்தைத் தம் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அதில் இரண்டு செய்திகள் என்னைத் தொட்டவை. முதலாவது, ஆயர் கிரேக்க மொழியில் பேசுவார், ஆனால் பக்கத்திலேயே ஒரு குரு நின்று மக்கள் பேசிய சிரிய மொழியில் அதைச் சொல்வார். ஒருவரும் புரியாமல் போய்விடக்கூடாது என்பதே அவர்கள் கவலை. தமிழும் மலையாளமும் கன்னடமும் படகரின் மொழியும் கலந்து ஒலிக்கும் நம் மலையில் இது எவ்வளவு தேவையான பாடம்!

இரண்டாவது, வியாழன் இரவு முழுதும் மக்கள் ஒலிவ மலையிலும் கெத்சமனியிலும் விழித்திருந்து, விடியும் வேளையில் நடந்தே நகருக்குத் திரும்புகிறார்கள். அப்போது ஆயர் அவர்களைத் திட்டவில்லை. இன்னும் ஒரு செபம் என்று இழுக்கவும் இல்லை. இரவெல்லாம் உழைத்திருக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்ச் சற்று உட்காருங்கள், பிறகு சிலுவை மரத்தை வணங்க வாருங்கள் என்று தேற்றி அனுப்புகிறார். மக்களின் கால் வலியை அறிந்த ஆயர் அவர்! புனித வாரத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது அந்தக் கால்வலிதான்.

சரி, நாள்வாரியாகப் பார்ப்போம்.

குருத்து ஞாயிறு. நம் மலை உச்சியில் தென்னையும் இல்லை, பனையும் இல்லை. ஓலை சமவெளியிலிருந்து வர வேண்டும். ஓலை வரவில்லை என்று ஒரு பங்கில் பெரிய மனத்தாங்கலே வந்ததுண்டு. நற்செய்திகளைத் திறந்து பாருங்கள். பேரீச்ச ஓலை என்று பெயர் சொல்பவர் யோவான் மட்டுமே. மத்தேயு மரக்கிளைகள் என்கிறார். மாற்கு வயல்வெளிகளில் வெட்டிய தழை என்கிறார். லூக்காவில் கிளையே இல்லை. மக்கள் தங்கள் மேலுடைகளைத்தான் வழியில் விரித்தார்கள். ஆகவே ஓலை கிடைக்காத ஆண்டில் தோட்டத்தின் சில்வர் ஓக் கிளையை ஏந்தினாலும் ஆண்டவர் கோபிக்கமாட்டார். அன்று பாடுகளின் வரலாறு முழுவதும் வாசிக்கப்படுகிறது. இந்த நாளில் மறையுரை சுருக்கமாக இருக்கட்டும். வாசகமே பேசட்டும்.

திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களையும் நாம் வீணாக விட்டுவிடுகிறோம். திங்களன்று பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் காலில் பூசுகிறார். செவ்வாயன்று யூதாசு இருளுக்குள் வெளியேறுகிறான். பேதுருவின் மறுதலிப்பும் முன்னறிவிக்கப்படுகிறது. புதனன்று முப்பது வெள்ளிக்காசுக்குப் பேரம் முடிகிறது. அன்பு, அச்சம், பணம் இவை மூன்றும் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவை. இந்த மூன்று மாலைகளிலும் பத்து நிமிட மறையுரையும் ஒப்புரவு அருளடையாளமும் போதும். குருவானவர் ஆலயத்தில் காத்திருப்பதைவிட, ஒவ்வொரு டிவிஷனாகப் போய் லைன் வீட்டு முற்றத்தில் உட்காரலாம். மாலை எடை முடிந்து, கையில் தேயிலைக் கறையோடு வந்து பாவசங்கீர்த்தனம் செய்தவர்களை நான் அறிவேன். ஆலயத்துக்கு அவர்களை வரச் சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டார்கள்.

பெரிய வியாழன். ஆயர், குருக்கள் சூழ, எண்ணெய்களை மந்திரிக்கும் திருப்பலியை நம் மறைமாவட்டம் ஒரே குடும்பமாக நிறைவேற்றுகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், "அது நம்ம ஊர் யூகலிப்டஸ் தைலமா ஃபாதர்?" என்று கேட்டான். இல்லையப்பா, ஒலிவ எண்ணெய் என்றேன். ஆனாலும் நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய் என்றதும் அவன் வீட்டுத் தைலப் புட்டி அவனுக்கு நினைவு வந்ததில் தவறில்லை.

மாலையில் பாதம் கழுவுதல். 2016 ஜனவரியில் வெளியான ஆணையின் வழியாகத் திருத்தந்தை பிரான்சிஸ், ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த இந்தச் சடங்கை இறைமக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார். பன்னிரண்டு பேர்தான் இருக்க வேண்டும் என்று திருப்பலி நூல் எண்ணிக்கை சொல்லவுமில்லை. அதன்பின் முதல் வியாழனன்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரை அழைத்தோம். முதலில் மறுத்தார்கள். "பித்தவெடிப்புக் காலு சாமி, அட்டை கடிச்ச தழும்பு, எப்படி நீட்டுறது?" என்றார்கள். அந்தக் காலைத்தானே அம்மா ஆண்டவர் தேடுகிறார்? வெந்நீர் வைத்தோம். மலைக்குளிரில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவது அன்பாகாது! அன்று நான் பிரசங்கமே செய்யவில்லை என்று சொல்லலாம். குனிந்து எழுந்ததே பிரசங்கம்.

பெரிய வெள்ளி. சில தோட்டங்களில் அன்று விடுமுறை, பல இடங்களில் வேலை நாள். கோடை மழை முன்கூட்டியே இறங்கிவிட்டால் கொழுந்தும் நிற்காது. மூன்று மணிக்கு வழிபாடு என்றால் ஒரு நாள் கூலி போகும். மூன்று மணியளவில் தொடங்குவதே முறை, ஆனால் மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் தாமதமாகவும் தொடங்கலாம், இரவு ஒன்பதைத் தாண்டக்கூடாது என்று திருச்சபை வழிவிட்டிருக்கிறது. நாங்கள் மூன்று மணிக்கு முதியோருக்கும் சிறுவர்களுக்கும் ஆலயத்துக்குள் சிலுவைப்பாதை வைத்தோம், ஐந்தரைக்குப் பொது வழிபாடு. "மூணு மணிதானே ஆண்டவர் உயிர்விட்ட நேரம்?" என்று சில பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் கூலியை இழக்க முடியாத ஒரு தாய், முத்தமிடச் சிலுவையில்லாமல் கதவு சாத்திய ஆலயத்தின் முன் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். நேரம் குறித்தவன் நான். அந்தக் கதவைச் சாத்தியவனும் நான்தான்.

அன்றைய பக்தி முயற்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் நம்மில் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. கோவாவில் பிறந்து, 1705-இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்றுப் புலமை பெற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது அது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்ட காலம். குருக்கள் மறைந்து திரிந்தார்கள். குரு வர முடியாத ஊரிலும் மக்கள் தாங்களே கூடி, இராகம் போட்டு வாசித்து அழுது செபிக்க அந்த நூல் உதவியது. ஆகவே ஆசந்தி ஊர்வலத்தையும் ஒப்பாரியையும் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள், இளம் குருக்களே. அவை விசுவாசத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவை. அதேபோல் பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: ஊர்வலம் வழிபாட்டை விழுங்கிவிடக்கூடாது. முதலில் திருவழிபாடு, அதன் பின் பக்தி முயற்சி. காந்தல் குருசடியில் திருச்சிலுவையின் திருப்பண்டத்தை வணங்கப் போகிறவர்களும் தங்கள் பங்கு வழிபாட்டை விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

வெள்ளிக்கிழமைப் பிரசங்கியார் நாவை அடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆண்டவரைக் கொன்றவர்கள் இந்த இனத்தார் என்று கைநீட்டுவது பாவம். 1959-இல் புனித 23-ஆம் யோவான் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூத மக்களைப் புண்படுத்திய சொல்லை நீக்கினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் தெளிவான போதனையாகவே தந்தது. சிலுவையின் முன் நின்று பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டும் விரல் யாருடையதாயினும் மடங்கட்டும்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பின்தான் தொடங்க வேண்டும், ஞாயிறு விடியுமுன் முடிய வேண்டும். நம் மலையில் இருட்டினால் பேருந்து குறையும். தேயிலைக் காட்டுப் பாதையில் காட்டுமாடும் கரடியும் இறங்கும், கூடலூர்ப் பக்கம் யானை வரும். பதினொரு மணித் திருவிழிப்பு முடிந்து ஒரு குடும்பம் எப்படி வீடு திரும்பும்? மக்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நான் ஆண்டுக்கணக்கில் புலம்பினேன். குறைந்தது பக்தியல்ல, திரும்பிப் போகும் வழி!

அந்த அம்மாவின் கேள்விக்கு அடுத்த ஆண்டு இப்படிச் செய்தோம். தூரத்து டிவிஷன் மக்கள் சனிக்கிழமை வெளிச்சத்திலேயே வந்துவிட்டார்கள். பங்கு மண்டபத்தில் கஞ்சியும் துவையலும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே உறங்கினார்கள். மூன்றரைக்கு மணி அடித்தது. பிடுங்கிப்போட்ட தேயிலைக் கட்டைகளைக் குவித்துப் புது நெருப்பு மூட்டினோம். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு உண்டு. தேவைப்பட்டால் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக்கூடாது. அன்று அதை வாசித்தவர் கடல் கடந்து வந்த ஒரு தாத்தா. ஆலயத்தில் ஓர் இருமல் சத்தமும் இல்லை.

பிறகு நான் மறையுரை ஆற்றினேன். கவ்வாத்து வெட்டிய தேயிலை மீண்டும் துளிர்ப்பதை உவமையாகச் சொல்ல முதலில் நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். தேயிலை பருவம் வந்தால் தானாகத் துளிர்க்கும். கல்லறையில் கிடந்தவர் தானாகத் துளிர்க்கவில்லை. தந்தை அவரை எழுப்பினார். அதனால் மூன்று காரியங்களை மட்டும் சொன்னேன்.

முதலாவது, கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். இருள் முழுதும் விலகுமுன், கையில் நறுமணப் பொருளோடு, செய்ய வேண்டிய வேலையைச் செய்யப் போனார்கள். நம் தாய்மார் வேலைக்குப் புறப்படும் அதே நேரம். திருச்சபையின் முதல் உயிர்ப்புப் பிரசங்கம் அவர்கள் வாயில்தான் வைக்கப்பட்டது.

இரண்டாவது, வானதூதர் சொன்ன செய்தி என்ன? அவர் உங்களுக்கு முன்பே கலிலேயாவுக்குப் போகிறார் என்பதே. கலிலேயா எது? சீடர்கள் வலை வீசிப் பிழைத்த இடம். உயிர்த்தவர் அரண்மனைக்குப் போகவில்லை. வேலைத்தளத்துக்குப் போனார். இரவெல்லாம் உழைத்து வெறுங்கையோடு கரையேறியவர்களுக்குக் கரியில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வாருங்கள் என்று அழைத்தார்.

மூன்றாவது, உயிர்த்த உடலிலும் காயங்கள் இருந்தன. பட்ட துன்பத்தைப் படவில்லை என்று கடவுள் சொல்லவில்லை. இழந்த ஊரும் இழந்த உறவும் ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொல்ல எனக்கும் உரிமையில்லை. கூலியைக் கேட்பவரிடம், பரலோகத்தில் கிடைக்கும், சும்மா இரு என்று சொல்வது உயிர்ப்பின் நற்செய்தி அல்ல. காயம்பட்டவரையே தந்தை எழுப்பினார். அந்தக் காயங்களைச் செய்த கைகளுக்குக் கடைசி வார்த்தை இல்லை என்பதே நம் நற்செய்தி.

இவ்வளவுதான் சொன்னேன். திருப்பலி முடிந்தபோது கிழக்கே வெளுத்தது. மண்டபத்தில் எல்லாருக்கும் சூடான தேநீரும் பன்னும் கொடுத்தோம். அந்த அம்மா டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்த வருஷம் நான் தூங்கலை சாமி" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அன்பார்ந்தவர்களே, வரும் நாள்களில் உங்களிடம் நான் கேட்பது மூன்று. உங்கள் பங்கின் புனித வார அட்டவணை உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லையென்றால், முணுமுணுக்காமல் உங்கள் பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லுங்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன உங்கள் பிள்ளைகளைப் பெரிய வெள்ளிக்கு மட்டுமல்ல, சனி இரவுக்கும் இருக்கச் சொல்லுங்கள். ஆலயத்துக்கு வர முடியாத நோயாளி ஒருவர் உங்கள் லைனில் இருந்தால், ஞாயிறு காலையில் அவர் வீட்டுக்குப் போய், ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பிரசங்கத்தை எந்தக் குருவும் உங்களைவிட நன்றாகச் செய்ய முடியாது.

செபிப்போமாக. உழைப்பவரின் களைப்பை அறிந்த ஆண்டவரே, எங்கள் பாதங்களைக் கழுவியவரே, இந்தப் புனித வாரத்தில் எங்களை உம்மோடு நடக்கச் செய்யும். சிலுவையடியில் நின்ற உம் தாயைப்போல் நாங்களும் ஓடிப்போகாமல் நிற்கவும், கல்லறைக்கு விரைந்த பெண்களைப்போல் நற்செய்தியைச் சுமந்து திரும்பவும் வரம் தாரும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.